வெட்டுப்படாத சிப்பாய்

கருவநல்லூரில் ஒரு சிப்பாய் இருந்தது. சுண்டுவிரல் உயரம், வெள்ளை பெயின்ட், அடியில் பச்சைத் துணி ஒட்டிய சாதாரண செஸ் காய், நாலு புளியங்கொட்டை கனம் இருந்தால் அதிகம். அதை ஊரே கூடித் தூக்கிப் பார்த்து முடியாமல் கடைசியில் கும்பிட ஆரம்பித்துவிட்டது. தூக்க முடியாததைக் கும்பிடுவது எங்கள் ஊருக்குப் பழக்கம்தான் என்பதால் இதில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நானும் ஆச்சரியப்பட்டதுபோல் எழுதப்போவதில்லை.

அது நின்ற இடம் குற்றாலிங்கம் திருமண மண்டபம். குற்றாலிங்கம் அரிசி ஆலைக்காரர், கோயில் கமிட்டித் தலைவர், நூலகப் புரவலர், ரோட்டில் யார் திறப்பு விழா நடத்தினாலும் கத்தரிக்கோல் பிடிக்கிறவர், இவ்வளவும் போதாதென்று மாவட்ட செஸ் கழகத்தின் தலைவரும் அவர்தான். அவருக்குச் செஸ் தெரியாது. குதிரை எப்படிப் போகும் என்று கேட்டால் நாலு காலால் போகும் என்பார். ஆனால் அவர் மகன் கோமதிநாயகத்துக்குத் தெரியும், நன்றாகவே தெரியும், சின்ன வயதிலிருந்து அந்த அறுபத்துநாலு கட்டத்தைத் தவிர உலகத்தில் வேறெதையும் அவன் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபமாக இருக்கும், ஆனால் அவன் நல்ல ஆட்டக்காரன்.

மகன் ஆடுவதற்காக அப்பா கழகம் வைத்து, அப்பா நடத்துகிற போட்டியில் மகன் ஜெயித்து, மகன் வாங்குகிற கோப்பையை அப்பாவே கொடுத்து, இருவரும் ஒரே காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தெற்குத்தெருவிலிருந்து பேச்சித்தாய் வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலுள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். காலையில் வெறும் வயிற்றோடு வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களின் முழங்கையில் ரப்பரைக் கட்டி, ஊசியைக் குத்தி, அவரவர் சர்க்கரையையும் கொழுப்பையும் அவரவருக்கு முன்பாகவே தெரிந்துகொள்கிறவள். செஸ்ஸை அவள் கைப்பேசியில் கற்றுக்கொண்டாள். முகம் தெரியாத ஆட்களோடு, ரஷ்யாக்காரனோ ராமநாதபுரத்துக்காரனோ யாரோ ஒருவரோடு, சாப்பாட்டு இடைவேளையில் ஆடி ஆடியே தேறினாள். அங்கே அவள் காயை வெட்டினார்கள், இவள் அவர்கள் காயை வெட்டினாள், யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. இனி முகம் தெரிய ஆட வேண்டும் என்பது அவளுக்கு ஆசை. மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தால் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள், அங்கே எதிரே மேசை போட்டு ஊர் ஊராக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டு, விடுமுறை சொல்லிவிட்டு மண்டபத்துக்கு வந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சொல்லக் கூசுகிற விஷயம்தான், ஆனால் செய்கிறவர்களுக்கே கூசவில்லை. எங்கள் ஊரில் தேரடித்தெருக்காரர்கள், குற்றாலிங்கம் குடும்பமும் அந்தத் தெருதான், தெற்குத்தெருக்காரர் கையிலிருந்து எதையும் வாங்க மாட்டார்கள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, முகத்தில் சிரிப்புக்கூட இருக்கும். நீட்டினால் மட்டும் "அங்ஙன வச்சிருங்க" என்பார்கள். மீதிச் சில்லறையா, அங்ஙன வச்சிருங்க. கல்யாணப் பத்திரிகையா, அங்ஙன வச்சிருங்க. பேச்சி ரத்தம் எடுக்கக் கை நீட்டுகிறவர்கள், அதே ரத்தத்தின் ரிப்போர்ட்டை அவள் நீட்டும்போது மேசையைக் காட்டுவார்கள். வைத்த பிறகு எடுத்துக்கொள்வார்கள். மேசை நடுவே வந்துவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை.

செஸ்ஸில் நடுவே பலகைதான் இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை என்று நினைத்தால், வெட்டும்போது எதிராளியின் காயைக் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும். அதற்குக் கோமதிநாயகம் ஒரு கைக்குட்டை வைத்திருந்தான். தெற்குத்தெருக்காரர் யாராவது எதிரே உட்கார்ந்தால் மட்டும் அது வெளியே வரும். கைக்குட்டையால் காயைக் கவ்வி எடுத்து ஓரமாக வைப்பான். கேட்டால் உள்ளங்கை வேர்க்கிறது என்பான். ஆளைப் பார்த்து வேர்க்கிற உள்ளங்கை.

கடைசிச் சுற்றில் இருவரும் மோதினார்கள். முதலிடத்துக்குக் கோமதிநாயகத்துக்கு ஆட்டம் சமன் ஆனாலே போதும், பேச்சி ஜெயித்தே ஆக வேண்டும். நடுவர் ராஜமணி, பக்கத்து ஊர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், விதிப்புத்தகத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர், அதை யாரிடம் எப்போது சொல்லக் கூடாது என்பதையும் தெரிந்தவர், ஆளுக்கொரு முகமாக இரண்டு முகம் கொண்ட பழைய செஸ் கடிகாரத்தைச் சாவி கொடுத்து வைத்தார். ஆட்டம் தொடங்கும் முன் கை குலுக்குவது வழக்கம். பேச்சி கையை நீட்டினாள். கோமதிநாயகம் இரு கையும் கூப்பி வணக்கம் சொன்னான். முன்வரிசையில் குற்றாலிங்கம் பக்கத்திலிருந்தவரிடம், "நம்ம பண்பாட்ட விடமாட்டான் பாருங்க" என்றார்.

பேச்சிக்கு வெள்ளைக் காய். ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள், அவனும் அதேபோல் தள்ளினான். அடுத்து அவள் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் முன்னே கொண்டுவந்து, அவனுடைய கறுப்புச் சிப்பாய் குறுக்கே வெட்டிக்கொள்ளத் தோதாக, காவல் இல்லாமல் நிறுத்தினாள். இதற்குக் கிங்ஸ் கேம்பிட் என்று பேர். பழைய துவக்கம், துணிச்சல்காரர்களின் துவக்கம்: இந்தா, இதை எடுத்துக்கொள், எடுத்துக்கொண்டு என்ன செய்கிறாய் பார்க்கிறேன் என்று ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைச் சும்மா கொடுப்பது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், வேறு காயை நகர்த்தலாம். கோமதிநாயகம் விடுகிற ஆள் இல்லை; அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, இப்படி யாரும் அந்த ஊரில் அவனோடு ஆடியதே இல்லை. கைக்குட்டையை விரித்து, அந்தச் சிப்பாயின் தலையைக் கவ்வி, தூக்கினான்.

அது வரவில்லை.

இன்னொரு தரம் இழுத்தான். எழுந்து நின்று இழுத்தான். கைக்குட்டை வழுக்கி அவன் பின்னாலிருந்த ஆள் மேல் விழுந்தான். சிப்பாய் தன் கட்டத்தில், பேச்சி வைத்த இடத்தில், கொஞ்சமும் அசையாமல் நின்றது. ராஜமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடிகாரம் கோமதிநாயகத்தின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், டயம் ஓடுது," என்றாள் பேச்சி.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் குற்றாலிங்கம் எழுந்தார், அவர் எழுந்ததும் ராஜமணிக்குக் கை தானாகப் போய் கடிகாரத்தை நிறுத்தியது. "காயில ஏதோ கோளாறு இருக்கு. ஆட்டம் நிறுத்தி வைக்கப்படுது" என்றார் ராஜமணி. அவள் கடிகாரம் ஓடியிருந்தால் அந்தக் கை போயிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை.

செஸ்ஸில் தொட்ட காயை ஆட வேண்டும், எதிராளியின் காயைத் தொட்டுவிட்டால் அதை வெட்டியே தீர வேண்டும். ஆகவே கோமதிநாயகம் அந்தச் சிப்பாயை வெட்டாமல் வேறு எதுவும் செய்ய முடியாது. அன்று சாயங்காலமே மண்டபத்தின் அலுவலக அறையில் கூடிப் பேசினார்கள். குற்றாலிங்கத்தின் மைத்துனர் வக்கீல், அவர்தான் வழி கண்டுபிடித்தார்.

"அத்தான், பையன் துணியாலதான் தொட்டிருக்கான், கை படவே இல்ல. தொட்டதாவே ஆகாதுன்னு அடிச்சிரலாம். வேற காய நகத்திக்கிடலாம்."

குற்றாலிங்கத்தின் முகம் மலர்ந்தது. ராஜமணிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அப்டி எழுதினா, எதுக்குத் துணியால தொட்டாருன்னு மேல கேப்பாங்கய்யா."

பிறகு குற்றாலிங்கம், "வேர்வைக்குத்தான் துணி. தொட்டது தொட்டதுதான்" என்று எழுதச் சொல்லிவிட்டார். தங்கள் வழக்கத்தை வெளியே சொல்லியிருந்தால் ஆட்டம் தப்பியிருக்கும். சொல்ல வெட்கப்பட்டார்கள், விட வெட்கப்படவில்லை. இப்படித்தான் தங்கள் காலைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து ஊர் வேலையில் இறங்கியது. ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களில் பலசாலியானவன் தோளில் கிடந்த துண்டைச் சுற்றி இழுத்தான், இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆசாரி குறடு கொண்டுவந்தார், குறடு வாய் பிளந்தது. பலகையோடு தூக்கலாமென்றால் பலகை வரவில்லை, மேசையோடு தூக்கலாமென்றால் மேசை வரவில்லை, லாரி பட்டறையிலிருந்து சங்கிலிக் கப்பியைக் கொண்டுவந்து உத்திரத்தில் மாட்டி இழுத்ததில் உத்திரம் வளைந்தது, சிப்பாய் வளையவில்லை. பாலிடெக்னிக்கிலிருந்து வந்த பேராசிரியர் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தட்டிப் பார்த்து, "ஈரப்பதம்" என்று சொல்லிவிட்டு சாப்பிட்டுப் போனார். துண்டு, குறடு, சங்கிலி, கையுறை. வெறுங்கையை மட்டும் ஒருவரும் அதன்மேல் வைக்கவில்லை. தெற்குத்தெருவிலிருந்து யாரையாவது கூப்பிட்டு, நீ எடு பார்க்கலாம் என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் வரவில்லை.

பேச்சி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மண்டப வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "கடிகாரத்த எப்பம் ஓட விடுவீங்க?" வாசலில் நிற்கிறவன், "பேசிக்கிட்டிருக்காவ" என்பான்.

முகூர்த்த நாள் வந்தது. மண்டபத்தை வாடகைக்குப் பேசியவர்கள் மேசையை நடுவே விட்டுவிட்டு, சுற்றிப் பந்தி போட்டார்கள். அந்தக் கல்யாணத்துப் பெண் வீட்டுக்காரி ஒருத்தி, இந்தச் சிப்பாய் நிற்கிற மாதிரி நம்ம மாப்பிள்ளை ஓரிடத்தில் நிற்க மாட்டாரா என்ற ஏக்கத்தில் தாம்பாளத்திலிருந்து ஒரு பொட்டுக் குங்குமத்தைப் பூவின் காம்பால் எடுத்து அதன் தலையில் வைத்தாள். மாப்பிள்ளை வெளியூர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு தங்கிவிட்டார். வேலை போய்விட்டதால் தங்கினார் என்பது வேறு கதை. அதற்குள் விஷயம் பரவி, ஆடாத சிப்பாய் என்று பேர் வைத்து, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓடிப்போகிற கணவன்மாருக்காகப் பெண்கள் வந்தார்கள். இடமாற்ற உத்தரவு வரக் கூடாதென்று அதிகாரிகள் வந்தார்கள். புறம்போக்கில் கடை கட்டியவர்கள், இதைப்போல எங்களையும் யாரும் அசைக்கக் கூடாது சாமி என்று குடும்பத்தோடு வந்து விழுந்து கும்பிட்டார்கள், அவர்களுக்கெல்லாம் நன்றாகவே பலித்தது. நகராட்சியிலிருந்து வந்த ஒருவர் இதை அசையும் சொத்தில் சேர்ப்பதா அசையாச் சொத்தில் சேர்ப்பதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். தேர்தலில் நின்ற இரண்டு கட்சிக்காரர்களும் கொள்கையில் இப்படி நிற்பேன் என்று அதன்முன் சத்தியம் செய்து, ஜெயித்தவர் அடுத்த மாதமே கட்சி மாறினார். பூசாரி ஒருவர் வந்து சேர்ந்தார், பட்டுத்துணி வந்தது, பட்டுத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் சிப்பாய்க்கு அபிஷேகம். ஆரம்பத்தில் பேச்சி தொட்டது என்பதால் யாரும் அதை வெறுங்கையால் தொடவில்லை. பிறகு சாமி என்பதால் யாரும் அதை வெறுங்கையால் தொடவில்லை. ஒரே கை, ஒரே துணி, காரணம் மட்டும் தலைகீழ். யார் கை வைத்து நிறுத்திய சாமி அது என்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

மாவட்டத்தில் ஒரு போட்டி முடியாமல் அடுத்தது நடத்தக் கூடாதென்பது விதி. ஆகவே அடுத்த வருஷமும் போட்டி இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை, எங்கள் மாவட்டத்திலிருந்து யாரும் மாநிலத்துக்குப் போகவில்லை. பேச்சி எழுதிக் கேட்டாள், நேரில் கேட்டாள், ராஜமணியின் பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்டாள். அவர் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக்கொண்டே, "எனக்கு உன் பக்கம் நியாயம் தெரியுதும்மா" என்றார். நியாயம் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம், தடுக்கி விழுந்தால் அவர்கள் மேல்தான் விழ வேண்டும்.

கோமதிநாயகம் அந்த வருஷங்களில் வேறு ஆட்டமே ஆடவில்லை. மற்றவர்கள் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு அவன் மண்டபத்துக்கு வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, விளக்குக்கும் பூவுக்கும் நடுவில் அந்த நிலையையே பார்த்துக்கொண்டிருப்பான். சிப்பாயை வெட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு அதற்கப்புறம் அவள் குதிரையை எடுப்பாள், நான் இந்தப் பக்கம் தள்ளுவேன் என்று உதடு அசைய ஆடுவான். பக்தி என்று நினைத்துக்கொண்டு பெண்கள் அவன் காலடியிலும் ஒரு பூவைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படியே போயிருக்கும். குற்றாலிங்கத்துக்கு மாநிலச் செஸ் கழகத்தின் துணைத்தலைவர் பதவி மேல் ஆசை வந்ததுதான் கதையைத் திருப்பியது. முடியாத போட்டியை வைத்திருக்கும் மாவட்டத்துக்கு ஓட்டே கிடையாது என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள். ஒரு காலையில் அவர் வெறும் வயிற்றோடு பரிசோதனை நிலையத்துக்கு வந்து, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பேச்சி முன்னால் சட்டைக் கையைச் சுருட்டினார். அவள் ரப்பரைக் கட்டினாள், நரம்பைத் தட்டினாள், ஊசியை ஏற்றினாள். ரத்தம் குழாயில் ஏறும்போது அவர் பேச ஆரம்பித்தார்.

"ஏ பிள்ள, எத்தன வருசமா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. டிரான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிரு. ஆளுக்குப் பாதி. உனக்கும் மரியாத, எங்களுக்கும் மரியாத."

"டிரா ஆச்சுன்னா அவுகதான மாநிலத்துக்குப் போவாக சார்."

அவரைத் தெற்குத்தெருவிலிருந்து யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. முதலாளி என்பார்கள், ஐயா என்பார்கள். அவர் விழுங்கிக்கொண்டார், ஊசி உள்ளே இருந்தது.

"நீ போயி அங்க என்னத்தச் சாதிக்கப்போற? எல்லாம் பெரிய பெரிய ஆளுக. போன மொத நாளே தோத்துட்டு வருவ."

"தோத்துட்டு வாறேன். கடிகாரத்த ஓட விடுங்க."

ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். சர்க்கரை எகிறிக் கிடந்தது. குற்றாலிங்கம் மேசையைக் காட்டி, "அங்ஙன வச்சிரு" என்றார்.

"ஒடம்புல இருந்து ரத்தத்த எடுத்தப்பம் ஒண்ணும் செய்யல. காயிதம் என்ன சார் செஞ்சிரும்?" என்று கேட்டுவிட்டு அவள் நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். அவர் வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார். சாயங்காலம் டிரைவர் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

வேறு வழியில்லாமல் ஜோசியரிடம் போனார். ஜோசியர் நாள் குறித்து, காசிப் பட்டுத்துணி ஒன்றை மந்திரித்துக் கொடுத்து, அந்த நாளில் அந்த நாழிகையில் அந்தப் பட்டைச் சுற்றி எடுத்தால் சிப்பாய் பூப்போல வரும் என்று அடித்துச் சொன்னார். போதாதா? பந்தல் போட்டார்கள், நாதஸ்வரம் வைத்தார்கள், மாநிலக் கழகத்திலிருந்து ஒரு பார்வையாளரை வரவழைத்து மாலை போட்டார்கள். தெற்குத்தெருக்காரர்களும் வந்து பின்னால் நின்றார்கள். பார்வையாளர் இருந்ததால் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. சிப்பாயின் மாலையைக் கழற்றி, சந்தனத்தை வழித்து, சுற்றியிருந்த விளக்குகளை நகர்த்தினார்கள். பேச்சி வேலைக்குப் போகிற சுடிதாரோடு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ராஜமணி பார்வையாளரையும் குற்றாலிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அத்தனை வருஷம் கழித்துக் கடிகாரத்தை ஓடவிட்டார். கோமதிநாயகத்தின் பக்கத்தில் முள் நகர்ந்தது.

காசிப் பட்டைச் சுற்றி இழுத்தான். வரவில்லை. நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஜோசியர் நாழிகையில் இன்னும் மிச்சமிருக்கிறது என்றார். நாழிகை முடிந்தது, ஜோசியரும் கூட்டத்தில் காணாமல் போனார். முள் ஏறிக்கொண்டே போனது. நேரம் தீர்ந்தால் அந்த முள்ளின் தலையில் தொங்கும் சின்னச் சிவப்புக் கொடி விழும், கொடி விழுந்தால் ஆட்டம் போச்சு.

கோமதிநாயகம் பட்டை மடியில் போட்டுவிட்டுக் குனிந்து உட்கார்ந்தான். பிறகு முதல் தடவையாக எதிரே இருந்த முகத்தைப் பார்த்துப் பேசினான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"இத வெட்டிட்டம்னா நாந்தான் ஜெயிப்பேன். இத்தன வருசமா ஆடிப் பாத்துட்டேன்."

"அப்பம் வெட்டுங்க," என்றாள் பேச்சி.

"வரமாட்டேங்கே."

"துணியத் தூரப் போட்டுட்டு எடுத்துப் பாருங்க."

அவனுக்கும் அது தெரியாமலில்லை. அத்தனை நாள் தனியாக உட்கார்ந்து பார்த்தவனுக்கு அந்த எண்ணம் வராமலா இருந்திருக்கும்? வலது கையை நீட்டினான். உள்ளங்கை உண்மையிலேயே வேர்த்திருந்தது. வெறும் விரல் சிப்பாயின் தலையில் பட்டது. சிப்பாய் லேசாகச் சாய்ந்தது. முன்வரிசையிலிருந்தவர்கள் பார்த்தார்கள், பார்வையாளர் பார்த்தார், அடியிலிருந்த பச்சைத் துணிகூடத் தெரிந்தது. இன்னும் ஒரு இழுப்பு, கையில் வந்துவிடும், வந்துவிட்டால் அவனுக்கு அவன் ஆட்டம், இத்தனை வருஷம் உதட்டுக்குள் ஆடிய ஆட்டம், அது அத்தனையும் அவனுக்குக் கிடைத்துவிடும்.

முன்வரிசையில் குற்றாலிங்கம் செருமினார். வேறொன்றும் செய்யவில்லை, ஒரே ஒரு செருமல்.

கோமதிநாயகம் கையை எடுத்துவிட்டான். சிப்பாய் நிமிர்ந்து பழையபடி நின்றது. எடுத்த கையை மடியிலிருந்த பட்டில் துடைத்துக்கொண்டான், துடைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் கட்டிவைத்த கழகம், அப்பன் கட்டிவைத்த மண்டபம், விரல் மட்டும் இவனுடையது. அதையும் கொண்டுபோய் அந்தச் செருமலுக்குக் கொடுத்துவிட்டான். கொடி விழுந்தது. விழுகிற சத்தம் ஒரு கொசுவை அடிக்கிற சத்தம்கூட இல்லை, ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கொடி விழுந்துட்டு சார்," என்றாள் பேச்சி.

ராஜமணி யாரையும் பார்க்காமல், பார்த்தால் மாறிவிடுவோமோ என்ற பயத்தில் மேசையையே பார்த்துக்கொண்டு, வெள்ளை ஜெயித்தது என்று எழுதினார். பின்னாலிருந்து தெற்குத்தெருக்காரர்கள் கை தட்டினார்கள், பார்வையாளரும் தட்டினார். தேரடித்தெருக்காரர்களுக்கு அந்த நேரம் பார்த்து எல்லோர் கையிலும் ஏதோ வேலை இருந்தது.

ஆட்டம் முடிந்தால் காய்களைப் பெட்டியில் போடுவது ஆடியவர்கள் வேலை. பேச்சி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள், யானை, குதிரை, ராணி, அப்படியே அந்தச் சிப்பாயையும் இரண்டு விரலால் எடுத்துப் போட்டாள். "ஐயையோ, சாமியத் தூக்கிட்டா" என்று ஒரு கிழவர் அலறினார். பூசாரி ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே எட்டு வெள்ளைச் சிப்பாய்கள், எட்டும் ஒரே அச்சு, எது சாமி என்று யாருக்கும் தெரியவில்லை. சந்தனம் ஒட்டியிருப்பதுதான் என்றார் ஒருவர். பெட்டியைக் குலுக்கியதில் எட்டிலும் சந்தனம் ஒட்டிவிட்டது. வாக்குவாதம் முற்றி, கமிட்டி கூடி, கடைசியில் எட்டையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, ஆசாரியைக் கூப்பிட்டு மரப்பசை போட்டு அழுத்தி ஒட்டிவிட்டார்கள். இப்போது எட்டும் அசைவதில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் முன்னைவிட அதிகம்.

பேச்சி மாநிலப் போட்டிக்குப் போனாள். முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டாள். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள், சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் நாகூர்ப் பக்கத்து ஜைனம்பு பீவி, பள்ளிக்கூட டீச்சர், கனத்த உடம்பு, கையில் மருதாணி. உட்கார்ந்ததும் பேச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கி, கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். பேச்சிக்கு வெள்ளைக் காய். முதலில் ராஜாவின் சிப்பாய், அதையடுத்துப் பக்கத்துச் சிப்பாய், அதே துவக்கம். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் ஒரு நொடி அப்படியே இருந்தாள்.

ஜைனம்பு பீவி பலகையைப் பார்த்தார், "அட" என்றார், மருதாணி விரலால் அந்தச் சிப்பாயைப் பொறுக்கி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அது நின்ற கட்டத்தில் தன் கறுப்புச் சிப்பாயை வைத்தார். எல்லாம் ஒரு மூச்சில் முடிந்தது. நிமிர்ந்தால் எதிரே அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வேறு.

"என்னம்மா, எதுவும் தப்பா ஆடிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லக்கா," என்றாள் பேச்சி. "எடுத்துக்கிட்டீங்கள்ல, அதான்."